கணிதத் துறையைப் பெண் கேட்டு வந்தார்கள்

மசாகா,
செவ்வாய்க்கிழமை மாலை

என் மதிப்புக்குரிய கான்சொலாட்டா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ரெஸ்டிடூடா முழங்காலிட்டு வணங்கி எழுதுவது. காகிதத்தில் முழங்காலிட முடியாது என்பதால், பேனாவைத் திறப்பதற்கு முன் உண்மையாகவே ஒருமுறை முழங்காலிட்டு எழுந்தேன். அம்மா பார்த்துவிட்டு எதைத் தொலைத்தாய் என்று கேட்டாள். குலு ஆஸ்பத்திரியில் உங்கள் வார்டு அமைதியாக இருக்கிறதா, இரவுப் பணி குறைந்ததா, அங்கே கிடைக்கும் வாழைக்காய் இன்னமும் உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று வீட்டில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். இங்கே சுகம். மழை வேண்டிய அளவு பெய்தது. விசேஷங்களுக்கு உடுத்தும் உங்கள் பச்சை கொமேசி உடுப்பும் சுகம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதற வேண்டாம்.

அத்தை, நாம் ஜெயித்துவிட்டோம். இதைக் கடைசியில் எழுதினால்தான் கடிதம் சுவையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். போன மாதம் பல்கலைக்கழகத்தில் டீன் செபுன்யா, துறைத் தலைவரான அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கணிதம் கணினித் துறைக்கு ஊரோடும் சரி, படித்துவிட்டுப் போனவர்களோடும் சரி, எந்த ஒட்டுறவும் இல்லை என்றும், இந்தப் பருவம் முடிவதற்குள் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் வெளியே பணிப்பயிற்சிக்கு ஓர் இடம் பிடித்தாக வேண்டும் என்றும், ஒரே ஒருவர் மிஞ்சினாலும் துறையை வணிகவியல் பள்ளியோடு சேர்த்துவிடப்போவதாகவும் சொல்லிவிட்டார். சேர்ப்பது என்றால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டேன். "வரவு செலவு சொல்லிக் கொடுப்பாங்கம்மா. தேற்றம் சொல்லிக் கொடுக்க மாட்டாங்க" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் பள்ளி முடித்ததும் சேர்வதற்காக மனதுக்குள் இடம் போட்டு வைத்திருக்கும் துறை அது என்பதால் எனக்கும் சரியாகச் சாப்பிட முடியவில்லை, இரண்டாவது முறை வாங்கியதை மிச்சம் வைத்தேன்.

அப்பா முயற்சி செய்யாதவர் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் பழைய மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார், அதில் முதல் பத்தியிலேயே ஒரு சமன்பாடு வந்துவிடுகிறது. போன வருடப் பழைய மாணவர் தினத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரும் சான்றிதழில் தன் பெயர் தப்பாக இருக்கிறதென்று திருத்த வந்தவர். அப்பா அவரைப் பிடித்து உட்கார வைத்து எல்லா ஸ்லைடுகளையும் காட்டினார். அவர் பெயர் இன்னும் திருத்தப்படவில்லை. இந்த வருடமும் அதே போல் ஒரு நாள் வைத்து, ஊர்க்காரர்களையும் அழைக்கலாம் என்று முடிவானது. ஆனால் வழக்கமாக மைக் பிடிக்கும் விரிவுரையாளர் மலேரியாவில் படுத்துவிட்டார், அப்பா மைக்கைக் கண்டாலே தொண்டை கட்டிக்கொள்கிறவர், அதனால் நான்தான் முன்வந்து, பெண் கேட்கும் வைபவங்களில் பெண் வீட்டார் சார்பாகப் பேசும் கியேயூனே ஐயாவைக் கூப்பிடலாமே என்று சொன்னேன். நான் யோசித்துத்தான் சொன்னேன், அத்தை. அந்த வைபவங்களில் முன்பின் தெரியாத இரண்டு கூட்டம் மத்தியானம் வந்து, பொழுது சாயும்போது உறவாகித் திரும்புகிறது. துறைக் கூட்டங்களில் ஒரே மாடியில் வேலை பார்க்கிறவர்கள்கூடத் திரும்பும்போது பேசிக்கொள்வதில்லை.

கியேயூனே ஐயா வீட்டுக்கு வந்தார். நேர்மையாகத்தான் சொன்னார்.

"புரொபசர் ஐயா, எனக்குப் பொண்ணு கேக்கிற பேச்சு ஒண்ணுதான் வரும். ஒரு தடவ சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாங்க, அங்கயும் போய் மாப்பிள்ள எங்கன்னு கேட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. வணக்கம் சொல்லி, நேரத்தப் பாத்துக்குங்க. மிச்சத்த ஸ்லைடு பாத்துக்கும்" என்றார் அப்பா.

அப்பா செய்த தவறு அதுவல்ல. அழைப்பிதழின் கடைசி வரியில் "நிகழ்ச்சியை நடத்துபவர்: கியேயூனே" என்று அச்சடித்ததுதான். நம் ஊரில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகு அதற்கு மேலே இருப்பதை யார் படிக்கிறார்கள்?

சனிக்கிழமை காலை பந்தல்காரர்கள் துறைக்கு முன்னால் புல்வெளியில் இரண்டு பந்தல்களை எதிரெதிராகப் போட்டு நடுவில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திரையைப் பார்த்து ஒரே பக்கமாக உட்கார வேண்டும் என்று அப்பா கெஞ்சினார். "கியேயூனே பேசுற எடத்துல எதிரெதிராத்தான் ஐயா போடுவோம், இல்லன்னா அவர் யாரப் பாத்துத் திட்டுவாரு?" என்று பந்தல்காரர் முளையை அடித்துவிட்டார். அதற்குள் மலையடியில் ஹார்ன் சத்தம் கேட்டது. அத்தை, நான் இதை மிகைப்படுத்தாமல் எழுத முயல்கிறேன். முன்னால் போடா-போடா என்கிற வாடகை பைக் ஓட்டுநர்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவரும் வெள்ளை அங்கிக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் ஹெல்மெட். பின்னால் ரிப்பன் கட்டிய லாரி. அதில் காப்பி ஆலை வைத்திருக்கும் கிஸ்ஸா ஐயாவும் மற்றப் பழைய மாணவர்களும் நின்றார்கள். அடுத்த வண்டியில் நியெந்தோ சந்தையின் மீன்காரப் பெண்கள், எல்லோரும் கொமேசியில், தலையில் கூடை. வாழைத்தார், சர்க்கரை, கருவாடு, ஒரு பிரிண்டர், அதன் மேல் ரிப்பன், ரிப்பனில் காலைக் கட்டிய ஒரு சேவல்.

அப்பா ஜன்னலிலிருந்து பார்த்து, "பாவம், யார் வீட்டுக்கோ போறவங்க வழி தப்பி வந்துட்டாங்க" என்றார்.

"நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. கோட்டப் போடுங்க" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு எல்லாம் உடனே புரிந்துவிட்டது. என்னை உள்ளே இழுத்துப் போய், நீங்கள் எங்கள் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பச்சை கொமேசியை எடுத்து என் மேல் சுற்றினாள். பெண்ணின் அத்தை இல்லாமல் பெண் கேட்பது எங்கே நடந்திருக்கிறது, நீதான் இன்றைக்கு அத்தை என்றாள். எனக்குப் பதினான்கு வயதுதான் ஆகிறது என்று நினைவுபடுத்தினேன். "அப்ப சின்ன அத்தையா இரு" என்றாள். யாருக்கு அத்தை என்று கேட்டேன். "துறைக்கு" என்றாள், வாயில் ஊக்குகளைக் கடித்துக்கொண்டு.

அப்பா முதல் ஸ்லைடைப் போட்டார், மின்சாரம் போயிற்று. இதைக் கடவுளின் செயல் என்று அம்மாவும் மின்வாரியத்தின் செயல் என்று அப்பாவும் சொல்கிறார்கள். மைக் செத்தது, திரை செத்தது, கியேயூனே ஐயாவின் தொண்டை மட்டும் சாகவில்லை. அவர் பாயின் நடுவே வந்து நின்று எதிர்ப்பந்தலைப் பார்த்து, "வந்திருக்கிறவங்க யாரு? ஓட்டுக் கேட்டு வந்தீங்களா? இங்க கைநாட்டு யாரும் இல்ல, ஏமாத்த முடியாது" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பேசுவதற்கு ஓட்டுநர் சங்கத் தலைவர் கவூமா எழுந்தார், ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"ஐயா, இந்த வீட்டுல வயசு வந்த பிள்ளைங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டு வந்தோம்."

"இருக்காங்க. எல்லாம் படிச்ச பிள்ளைங்க. அவங்க பேசினா உங்களுக்கு விளங்காது."

"எங்க வீட்டுக்காரி பேசுறதும் எனக்கு விளங்குறதில்லைங்க. அது பழகிப்போச்சு."

"கட்டிக்கிட்டுப் போய் பைக்ல ஏத்தி ஊர் சுத்துவீங்களா?"

"ஹெல்மெட் ரெண்டு வெச்சிருக்கோம் ஐயா."

மீன்காரப் பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா எழுந்து, ஒரு சிறு விளக்கம் என்று தொடங்கினார். கியேயூனே ஐயா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பொண்ணப் பெத்தவரு பேசக் கூடாது" என்றார். அப்பா உட்கார்ந்துவிட்டார். அத்தை, நம் துறையின் வெற்றிக்கு இதுவே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் டீன் செபுன்யா வந்தார். தாமதமாக வந்ததால் வாசலில் இருந்தவர்கள் அவரை விருந்தாளி என்று எதிர்ப்பந்தலில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கையில் மடித்த தாள். எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, வணிகவியலோடு சேர்க்கும் அறிவிப்பு. அவர் எழுந்து, "எல்லாரும் கொஞ்சம் கவனிங்க, நான் ஒரு முக்கியமான" என்று தொடங்கியதும் கியேயூனே ஐயா காதைப் பொத்திக்கொண்டார்.

"கவூமா, உங்க பக்கத்துல யாரோ கத்துறாங்க. மாப்பிள்ள வீட்டுல உங்களத் தவிர வேற யாருக்கும் வாய் கெடையாதே?"

"மன்னிக்கணும் ஐயா. தூரத்துச் சொந்தம். இப்பதான் டவுனுக்கு வர்றாரு."

"நான் டீன்!" என்றார் டீன்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. அபராதம் ஒரு பெட்டி சோடா."

டீன் மறுபடியும் வாயைத் திறந்தார். அபராதம் இரண்டு பெட்டியானது. மூன்றாவது முறை அவர் திறந்தபோது பக்கத்தில் இருந்த மீன்காரச் சங்கத் தலைவி நாலோங்கோ அம்மா அவர் முழங்காலில் கையை வைத்து, "உக்காருப்பா. நீ பேசப் பேச நமக்குத்தான் செலவு" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

பிறகு பிள்ளைகளை வெளியே விட்டார்கள். வழக்கம்போலக் கூட்டம் கூட்டமாக. முதலில் புள்ளியியல் மாணவர்கள். பெண்கள் கொமேசியில் முழங்காலிட்டார்கள், பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவர்களும் கோட்டோடு முழங்காலிட்டார்கள், ஒருவன் கால்சட்டை கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கவூமா ஐயா வழக்கப்படி, "அழகான பிள்ளைங்கதான், ஆனா நாங்க தேடி வந்தவங்க இவங்க இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார். சம்பிரதாயத்துக்காகச் சொன்னாலும் டீன் அதைக் கேட்டுத் தாளை நிமிர்த்தினார். அப்போது கிஸ்ஸா ஐயா கவூமாவின் கோட்டைப் பிடித்து இழுத்து, "என்னய்யா திருப்பி அனுப்புற? எனக்குக் காப்பிக்கொட்டை தரம் பிரிக்க ஆள் வேணும். அந்த நாலு பேர எழுதிக்கோ, கால்சட்ட கிழிஞ்சவன் உட்பட" என்று கிசுகிசுத்தார். காப்பி ஆலைக்காரரின் கிசுகிசு அடுத்த மலைவரை கேட்கும்.

அதன்பின் அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. கணினி மாணவர்கள் வந்ததும் கவூமா ஐயாவே தன் பதவியை மறந்து, ஸ்டாண்டில் அடுத்த சவாரி யாருக்கு என்று தினமும் அடிதடி, அதைத் தீர்த்து வைக்கிற பிள்ளைகள் தனக்கு வேண்டும் என்றார். பெண் கேட்கிறவரே மாப்பிள்ளையாகலாமா என்று கியேயூனே ஐயா கேட்டார், ஆகலாம், அபராதம் கட்டுகிறேன் என்றார் இவர். பழைய மாணவர்களில் ஒருவர் வானொலி நிலையத்துக்கு, இன்னொருவர் பள்ளிக்கூடத்துக்கு, ஒரு டாக்டர் அம்மா ஆஸ்பத்திரிக்கு என்று போட்டி போட்டுக் கேட்டார்கள். பேரம் பேசினார்கள், அத்தை! அப்பாவின் மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவர்கள், ஒரே பையனுக்காகச் சர்க்கரை மூட்டையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அப்பா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய் பேசக் கூடாது என்பதால் கண்ணால் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் லியோகாடியா மட்டும் மிஞ்சினாள்.

உங்களுக்கு அவளைத் தெரியாது. பகா எண்களைப் பற்றி ஆராய்கிறவள். தானாகப் பேச மாட்டாள், கேட்டால் கேட்டதற்கு மட்டும் சொல்வாள். தனியாக அந்தப் பாயில் முழங்காலிட்டபோது மஞ்சள் கொமேசியில் மிகவும் சிறியவளாகத் தெரிந்தாள். கியேயூனே ஐயா தன் சரக்கையெல்லாம் இறக்கினார். "இந்தப் பொண்ணு கொஞ்சமாத்தான் சாப்பிடும். சத்தம் போடாது. இது பண்ற நம்பர் ஆராய்ச்சிக்குக் கரண்டே வேண்டாம், பென்சில் போதும்!" எதிர்ப்பந்தலில் எல்லோரும் புல்லைப் பார்த்தார்கள். கிஸ்ஸா ஐயாகூடத் தொப்பியைச் சரி செய்தார். டீன் தாளைப் பிரித்துவிட்டார், கண்ணாடியையும் போட்டுவிட்டார். ஒரே ஒருவர் மிஞ்சினாலும் என்று அவர் சொன்னது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

நாலோங்கோ அம்மாதான் கேட்டாள். பெண்கள் நடுவில் பேசக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது.

"ஏம்மா பொண்ணே, அந்த நம்பரையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா எனக்கு என்ன லாபம்?"

கியேயூனே ஐயா முந்திக்கொண்டு, "லாபமா? வங்கியெல்லாம் இதுலதான்..." என்று தொடங்கினார். "அவளச் சொல்ல விடு" என்றாள் நாலோங்கோ.

லியோகாடியா நன்றாக யோசித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை.

"மீன் விக்கிறதுக்கு ஒரு லாபமும் இல்லைங்கம்மா" என்றாள்.

நாலோங்கோ அம்மா அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து கூடைகளைத் தாண்டி நடுவே வந்தாள்.

"எங்க சந்தைக்கு வர்றவன் எல்லாம், கட்சிக்காரன், வங்கிக்காரன், வலை விக்கிறவன், அத்தனை பேரும் எனக்கு லாபம்னுதான் சொல்லியிருக்கான். இல்லைன்னு சொன்ன மொத வாய் இதுதான். எங்க பொதுத் தராசுல உக்கார வெக்க இப்படி ஒருத்தியத்தான் தேடிக்கிட்டிருந்தோம். எடை இவ்வளவுன்னு சொன்னா நாங்க சண்ட போடாம நம்பணும். இவ எனக்கு. யாராவது குறுக்க வந்தீங்க, கருவாட்டாலயே அடிப்பேன்."

யாரும் குறுக்கே வரவில்லை. குலவை எழுந்தது, ஹார்ன்கள் அடித்தன, அம்மா அழுதாள், அப்பா எழுந்து நின்று சத்தமில்லாமல் கைதட்டினார். பிறகு வழக்கப்படி பெண்ணின் அத்தை போய் மாப்பிள்ளைக்குப் பூக்குத்த வேண்டும், அதாவது நான். பழைய மாணவர்கள் சார்பில் கிஸ்ஸா ஐயாதான் மாப்பிள்ளை என்று முடிவாகியிருந்தது. உங்கள் கொமேசி எனக்கு நீளம் என்பதால் அவருக்கு இரண்டடி முன்னால் தடுக்கி நேராக முழங்காலில் விழுந்தேன். இவ்வளவு பணிவாக முழங்காலிடும் பிள்ளையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது என்று நாலோங்கோ அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொமேசியில் புல் கறை மட்டும்தான், அத்தை, அம்மா எலுமிச்சை தேய்த்திருக்கிறாள்.

எல்லாம் முடிந்தபின் கியேயூனே ஐயா பெருந்தன்மையாக, "இப்ப அந்தத் தூரத்துச் சொந்தம் பேசலாம்" என்றார். டீன் எழுந்தார். அறிவிப்புத் தாளைப் பார்த்தார். ஓட்டுநர்களைப் பார்த்தார், மீன்காரப் பெண்களைப் பார்த்தார், எல்லோர் கையிலும் சோடா, எல்லாம் அவர் கணக்கில். தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல. சாப்பாடு எங்க?" என்றார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்து, அப்பாவின் முதல் ஸ்லைடு பந்தல் துணியில் பெரிதாக விழுந்தது, ஒரே சமன்பாடு. "அது என்ன, ஆசீர்வாதமா?" என்று நாலோங்கோ அம்மா கேட்டாள். ஆமாம் என்றார் கியேயூனே ஐயா. எல்லோரும் எழுந்து நின்று ஆமென் சொன்னார்கள்.

நீங்கள் இல்லாத குறை ஒன்றுதான். உங்கள் மேட்ரனிடம் அடுத்த முறையாவது விடுப்புக் கேளுங்கள். கடவுள் உங்கள் வார்டில் இருப்பவர்களை எழுந்து நடக்க வைக்கட்டும், உங்களை உட்கார வைக்கட்டும். அப்பா, அம்மா, துறையிலுள்ள எல்லோரும், பிரிண்டரும், சேவலும் (இன்னும் இருக்கிறது, அம்மாவுக்கு மனம் வரவில்லை) விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகளும் தற்காலிகச் சின்ன அத்தையுமான,
ரெஸ்டிடூடா நன்கியா

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் இன்று வியாழக்கிழமை ஆகிவிட்டது, மேலே எழுதியது எதுவும் செல்லாது. நேற்று நாலோங்கோ அம்மா புது உறவைக் கொண்டாட அப்பாவையும் கிஸ்ஸா ஐயாவையும் சந்தையில் விருந்துக்குக் கூப்பிட்டு, இருவருக்கும் மம்பா மீன் குழம்பு வைத்தாள். நம் குலத்துக்கு அது விலக்கு என்பதால் அப்பா தட்டை மரியாதையாகத் தள்ளினார். அதே நொடியில் கிஸ்ஸா ஐயாவும் தள்ளினார். நாலோங்கோ அம்மா இரண்டு தட்டையும் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். கிஸ்ஸா என்பது இரட்டையருக்குப் பின் பிறந்த யாருக்கும் வைக்கிற பெயர், அதனால் அவர் என்ன குலம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அத்தை. நீங்கள் இருந்திருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பீர்கள். அவரும் மம்பா குலம்! ஒரே குலத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று கியேயூனே ஐயா வந்து, சம்பந்தம் ரத்து என்று அறிவித்துவிட்டார். அப்பா பிரிண்டரை ஒரு பிள்ளையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார், நானும் கூடப் போனேன். டீனுக்குச் செய்தி எட்டி, அந்தத் தாளை மறுபடி எடுத்துவிட்டாராம். ஆனால் கிஸ்ஸா ஐயா ஆலை வாசலிலேயே பிரிண்டரை வாங்க மறுத்துவிட்டார். "அப்ப இதெல்லாம் என் அண்ணன் பிள்ளைங்களா? அண்ணன் பிள்ளைங்களுக்கு வேலை கத்துக் குடுக்க எவன்கிட்ட நான் கேக்கணும்? அடுத்த வருஷப் பிள்ளைங்களையும் அனுப்புங்கண்ணே, இனிமே இது என் கடமை" என்று, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார். டீன் அறைவரை அது கேட்டிருக்கும், தாள் மறுபடி பைக்குள் போய்விட்டதாம். லியோகாடியா தராசில் உட்கார்ந்த முதல் நாளே நாலோங்கோ அம்மாவின் மீன் எடை குறைவு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள், இருந்தும் அந்த அம்மா அவளைத் திருப்பி அனுப்பவில்லை, மதியச் சாப்பாடும் போடுகிறாள். ஆகையால் மேலே நான் மாப்பிள்ளை, சம்பந்தம் என்று எழுதிய இடங்களில் எல்லாம் உங்கள் பேனாவால் அடித்துவிட்டுச் சித்தப்பா, குடும்பம் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். உங்களுக்குப் புதிதாக ஒரு தம்பி கிடைத்திருக்கிறார். அவர் அக்காவுக்கு வணக்கம் சொன்னார், குலுவில் காப்பி சரியாகக் கிடைக்கிறதா என்று கேட்டார்.